ஆமெனுக்கு மேல் பேச்சில்லை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் வலது காலுக்குத் தனிப் புத்தி. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தால் அந்தக் கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போனாலும் அழுத்தும். சின்ன மகள் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூட மேஜைக்கடியில் அது தன் வேலையைக் காட்டிவிடும். கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே பிழைப்பு நடத்திய மனுஷனுக்கு வேறெப்படி இருக்கும்?

இப்போது அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார். காலாவது பரவாயில்லை, என் வாயும் அப்படித்தான் இருந்தது என்பார். வாயால் அவர் பிரேக் போட்ட இடம் குடும்ப ஜெபம்.

அந்த வீட்டில் சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் நடக்கும். ஒரு நாளும் தவறியதில்லை; காய்ச்சல் வந்தவர்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். முதலில் சின்னவள், அப்புறம் பெரியவள், அப்புறம் மாஸ்டரின் மனைவி, கடைசியில் மாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு ஜெபம். ஜெபத்தில் ஒருவர் சொன்னதைப் பற்றி அப்புறம் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அது கடவுளிடம் சொன்னது; அதில் போய் மூக்கை நுழைப்பது மரியாதையில்லை. ஆமெனுக்கு மேல் பேச்சில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர் மாஸ்டர். கடைசியாக ஜெபிக்கிறவரும் மாஸ்டர்தான் என்பதைக் கவனித்தால், அந்த வீட்டு வழக்குகளில் யார் ஜெயித்திருப்பார்கள் என்பதை யாரும் சொல்லிவிடலாம்.

சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்த சமயத்தை எடுத்துக்கொள்வோம். மாஸ்டரின் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர். உள்ளே யார் எவ்வளவு அலறினாலும் முகம் மாறாமல் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிற பழக்கம் உள்ளவர். அதே முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டு அவர் ஜெபித்தார்: "ஆண்டவரே, ரொம்ப நாளா ஒழுகுற அந்தக் குழாயை நீர் அறிவீர். ராத்திரியெல்லாம் சொட்டுற சத்தம் உமக்குக் கேக்குது. சிலருக்கும் அது கேக்கற மாதிரி காதைத் தொட்டருளும்."

மாஸ்டர் விடுவாரா? அவருக்குக் கோபம் ஏற ஏறத் தமிழ் தானாகப் பிரசங்க மேடைக்கு ஏறிவிடும். "அன்பின் பரம பிதாவே, பகலெல்லாம் வெயிலில் உழைத்து முதுகு ஒடிந்து வீடு திரும்பும் உமது அடியானை நினைத்தருளும். இந்த வீட்டின் பெண்களுக்குப் பொறுமை என்னும் கிருபையைத் திரளாய்ப் பொழிந்தருளும். ஆமென்."

ஆமென் சொல்லியாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது. குழாய் மட்டும் சட்டத்தை மதிக்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே வழிதான். பெரியவள் போனும் கையுமாகத் திரிந்தபோது, "கையடக்கமான மாயைகளிலிருந்து எங்கள் வாலிபரை விடுவியும்" என்றார். மறுநாள் போன் அலமாரிக்குப் போனது. திட்டவில்லை, அடிக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை! இதைவிடச் சுலபமாகப் பிள்ளை வளர்க்க முடியுமா? சின்னவளும் சீக்கிரமே தொழிலைக் கற்றுக்கொண்டாள். "ஆண்டவரே, என் பச்சைக் கலர் பென்சில எடுத்தவங்க மனசுல நீங்க பேசுங்க. நாளைக்குள்ள பேசுங்க, எனக்கு டிராயிங் இருக்கு" என்று எட்டு வயதில் அவள் ஜெபித்தபோது மாஸ்டருக்கு மெய்சிலிர்த்தது. பெரியவளின் ஜெபம் மட்டும் எப்போதும் ஒரே வரி. "நன்றி ஆண்டவரே, ஆமென்." அதை அடக்கம் என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் வைத்துப் போதகர் அவர் கையைப் பிடித்தார்.

"குடும்ப ஞாயிறு வருது மாஸ்டர். பிள்ளைங்கள ஏன் விசுவாசத்துல வளர்க்கணும்னு சபையில ஒரு பத்து நிமிஷம் நீங்க பேசணும். நம்ம சபையில பிள்ளைங்கன்னா உங்க வீட்டுப் பிள்ளைங்கதான். ஆராதனை முடியற வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"நான் என்னத்தப் பேசப்போறேன் ஐயா" என்று மாஸ்டர் மூன்று தரம் மறுத்தார். மூன்றாவது தரம் கொஞ்சம் மெதுவாகத்தான் மறுத்தார், போதகர் நிஜமாகவே வேறு ஆளைத் தேடிப் போய்விடக் கூடாதே என்று.

அந்தக் குடும்ப ஞாயிறன்றுதான் திடப்படுத்தல் ஆராதனையும். கைக்குழந்தையில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள், வளர்ந்த பிறகு வெள்ளை உடுத்தி வரிசையில் நின்று, அன்று பெற்றவர்கள் தங்களுக்காகச் சொன்னதை இன்று தங்கள் வாயாலேயே, "நான் விசுவாசிக்கிறேன்" என்று சபைக்கு முன் சொல்லும் நாள். அந்த வருஷ வரிசையில் பெரியவளும் இருந்தாள். மகள் வரிசையில், அப்பா மைக்கில். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவளுக்கு வெள்ளைத் துணி எடுத்த கையோடு தனக்கும் ஒரு சட்டைத் துணி எடுத்தார். அதை மட்டும் ஜெபத்தில் சொல்லவில்லை.

பேச்சை அவர் தயார் செய்தது வண்டியில் வைத்துத்தான். கணக்கு டீச்சர் ஒருவர் அப்போது அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொண்டே இருந்தார் என்று சொல்வதுதான் சரி. டெஸ்டில் தோற்பதும் மறுபடி வந்து பணம் கட்டுவதுமாக அவர் ஸ்கூலுக்கே நிரந்தர வருமானமாகிவிட்டார். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க, பக்கத்தில் மாஸ்டர் ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பார்ப்பார்.

"பிள்ளைகளை ஏன் விசுவாசத்தில் வளர்க்க வேண்டும்? ஏனென்றால், அப்போதுதான் அவர்கள் பெற்றவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவார்கள்..."

"மாஸ்டர், லாரி!"

வண்டி நின்றது. மாஸ்டர் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. கால் தானாகப் பார்த்துக்கொண்டது.

"உங்க கூட ஓட்டறப்ப எனக்குப் பயமே இல்ல மாஸ்டர்" என்றார் கணக்கு டீச்சர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "டெஸ்ட்லதான் வம்பு. போன தடவ அந்த அதிகாரி சும்மா கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தார். பிரேக்கே போடல. நேரா போய்க் கம்பத்துல விட்டுட்டேன். நீங்களா இருந்தா போட்டிருப்பீங்க."

"பின்னே?" என்றார் மாஸ்டர் சந்தோஷமாக. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

குடும்ப ஞாயிறுக்கு முந்தைய வாரம் போதகர், வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதற்கு மறுநாள் மாஸ்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பேச்சைப் பத்து நிமிஷத்திலிருந்து பதினைந்தாக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனார். கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அறையில் மடக்கு நாற்காலிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. மைக் ஒயர் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. போதகர் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டார்.

"மாஸ்டர், உங்க பெரியவ இந்தத் தடவ வேண்டாம்னு சொல்றா."

"எது வேண்டாம்னு?"

"திடப்படுத்தல். இன்னும் கொஞ்ச காலம் வேணுமாம். தப்பா ஒண்ணும் சொல்லல, மரியாதையாத்தான் சொன்னா."

"ஏனாம்?"

"காரணத்த எங்கிட்ட சொன்னா. அத நான் உங்ககிட்ட சொல்றது முறையில்ல. நீங்களே அவகிட்டக் கேளுங்க." வாசல்வரை வந்து வழியனுப்பும்போது போதகர் அவர் தோளைத் தொட்டார். "கேளுங்க மாஸ்டர். சொல்லாதீங்க, கேளுங்க."

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிஷம் மாஸ்டரின் மனதில் முதலில் வந்தது மகள் அல்ல, மைக். வரிசையில் மகள் இல்லாமல், பிள்ளை வளர்ப்பைப் பற்றி மைக்கில் பேசப்போகிற தன் முகத்தைத்தான் அவர் பார்த்தார். புதுச் சட்டையோடு பார்த்தார். முன் வரிசையில் யார் யார் யாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுவரை பார்த்துவிட்டார். மகளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல, எல்லாவற்றுக்கும் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

போதகர் அவ்வளவு சொல்லியும் மாஸ்டர் மகளிடம் கேட்டாரா? கேட்கவில்லை. கண்ணைப் பார்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பை எப்போதும் விடுகிற இடத்தில் விடாமல் உதறிவிட்டு, யாரிடமும் பேசாமல் ஜெப நேரத்துக்காகக் காத்திருந்தார். செருப்பு விழுந்த விதத்திலேயே மனைவிக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

அன்று சின்னவள் பென்சிலுக்கு நன்றி சொன்னாள். பெரியவள் "நன்றி ஆண்டவரே, ஆமென்" என்றாள். மனைவி குழாயைக்கூட விட்டுவிட்டுச் சுருக்கமாக முடித்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"அன்பின் பரம பிதாவே! வழிதப்பித் திரியும் ஆடுகளை நீர் அறிவீர். இந்த வீட்டிலும் அப்படி ஒரு ஆடு உண்டு. தொட்டிலிலிருந்து அதற்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? எந்த வாரம் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தோம்? இன்றைக்குச் சபையார் முன்பாக உமது அடியானின் முகம் வெட்கத்தால்..."

"அப்பா."

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. "ஜெபத்துல பேசக் கூடாது."

"ஜெபமாப்பா இது? என்னத்தானே திட்டுறீங்க? கண்ணத் திறந்து திட்டுங்க."

அந்த வீட்டில் ஆமெனுக்கு முன்னால் யாரும் கண் திறந்ததில்லை. மாஸ்டர் திறந்தபோது மூன்று பேரும் ஏற்கனவே திறந்துவைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜைக்கடியில் இல்லாமல், விரிப்பில் சம்மணமிட்டிருந்த வலது கால் மிதிக்க இடம் தேடித் துடித்தது.

"சரி, கேக்கறேன்" என்றார். "ஏன் வேண்டாம்னு சொன்ன?"

பெரியவள் கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அங்க எழுந்து நின்னு, நான் அவரை நம்புறேன்னு என் வாயால சொல்லணும். எனக்கு அவரைத் தெரியணும்லப்பா."

"உனக்கா தெரியாது? எத்தனை வசனம் ஒப்பிச்சிருக்க? எத்தனை பரிசு?"

"வசனம் தெரியும். பாட்டு தெரியும். அவர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. நான் யாரும் பேசிக் கேட்டதே இல்ல. நம்ம வீட்ல யாரும் அவர்கிட்டப் பேசறதில்லப்பா. அவர் வழியாப் பேசிக்கிறோம். அம்மா குழாயச் சொல்றாங்க, நீங்க முதுகச் சொல்றீங்க, இவ பென்சிலச் சொல்றா. கடுதாசி கொண்டுவர்றவர்கிட்ட யாராவது, நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்களா?" அவள் விரிப்பை விட்டுவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வேண்டாம்னு சொல்லல. சும்மா நின்னு பொய் சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவயாவது நீங்க அவர்கிட்டப் பேசி நான் பாத்திருந்தா..."

முடிக்காமல் அழ ஆரம்பித்தாள்.

"ஆமென் சொல்லலாமா?" என்றாள் சின்னவள். "பசிக்குது."

மாஸ்டரின் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த கையோடு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "அவ சொல்றது சரிதான்" என்றார், பெரியவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. அப்புறம் கணவரைப் பார்த்து, கண்ணைத் திறந்துகொண்டே சொன்னார். "என்னங்க, குழாய் ஒழுகுது. மாத்துங்க."

மறுநாள் காலையில் மாஸ்டர் குழாயை மாற்றினார். அதற்கு ஆனது டீ குடிக்கிற நேரம்தான்.

ஆனால் கோபம் போகவில்லை. இரண்டு நாளைக்கு அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் படாத பாடு பட்டார்கள். எறும்பு குறுக்கே வந்தாலும் பிரேக் விழுந்தது. சோறு போட்டு, படிக்க வைத்து, பக்தியும் ஊட்டி வளர்த்தவனிடம் வந்து, நீ கடவுளிடம் பேசினதே இல்லை என்கிறாள்! நானா பேசினதில்லை? தினமும் எவ்வளவு நீளமாகப் பேசுகிறேன்! என்று தனக்குள்ளேயே வாதாடினார். வாதாடி ஜெயிக்க முடியவில்லை. கடைசியாகப் பேசுகிறவர் ஜெயிப்பார் என்ற சட்டம் மனதுக்குள் அவருக்கே எதிராகத் திரும்பியது. அங்கே எப்போதும் மகள்தான் கடைசியாகப் பேசினாள்.

பேச்சை எழுதிய தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துப் பார்த்தார். பிள்ளைகளை ஏன் விசுவாசத்தில் வளர்க்க வேண்டும்? பெற்றவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவார்கள். ஊரில் கெட்ட பேர் எடுக்க மாட்டார்கள். வயதான காலத்தில் நம்மைக் கைவிட மாட்டார்கள். அவ்வளவுதான். மாஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் கடவுள் எங்கேயாவது இருக்கிறாரா என்று. இல்லை. இந்தப் பேச்சில் கடவுளுக்கு இருந்த ஒரே வேலை வாட்ச்மேன் வேலை. மாஸ்டர் தூங்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது, மாஸ்டருக்கு வயதானால் அவர்களை மாஸ்டரிடம் அனுப்பிவைக்க வேண்டியது. சம்பளமும் இல்லை.

அடுத்த வருஷம் பெரியவள் படிக்க வெளியூர் போகிறாள். அவளே விண்ணப்பித்து, அவளே இடம் வாங்கியிருந்தாள். அங்கே ஒரு அறை, தெரியாத முகங்கள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் காய்ச்சலில் கிடப்பாள். யாரோ மனதைப் புண்படுத்துவார்கள். தப்பான ஆளை நம்புவாள். செய்யக் கூடாததை ஏதாவது செய்துவிட்டு, வீட்டுக்குப் போன் பண்ணவும் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் மாஸ்டரின் பிரேக் அவ்வளவு தூரம் எட்டாது. அப்போது அவள் யாரிடம் பேசுவாள்? யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டுமே, தான் இல்லாத இடத்திலும் இருக்கிறவர், திட்டாமல் கேட்கிறவர். அதற்குத்தானே அவளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனது? கைக்குழந்தையாக அவளைத் தூக்கி நின்ற அன்று மனதில் இருந்தது அதுதானே, கீழ்ப்படிதலா இருந்தது? அவளுக்குக் கொடுக்க வேண்டியது அந்த ஒருவரைத்தான். அந்த ஒருவரைத்தான், இத்தனை வருஷம் தன் கைக்குக் கம்பாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டார்.

கணக்கு டீச்சர் கம்பத்தில் இடித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த இடத்தில் அது வந்து சேர்வது கதைக்கு ரொம்ப வசதிதான். மாஸ்டர் என்ன செய்வார், அவர் தொழில் அது.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, மாஸ்டர் இறங்கி மறுபக்கம் சுற்றி வந்து, பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். ஜெபிக்கத் தீர்மானித்துவிட்டார். கடவுளிடம், கடவுளிடம் மட்டும். எதிரே சமையலறை ஜன்னல் தெரிந்தது. உள்ளே பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். புழுக்கமாக இருந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ஆண்டவரே" என்று தொடங்கினார். "இந்தப் பிள்ளை பேசினது என் நெஞ்சைத் தொட்டது. இவளுக்காக நான் எவ்வளவு..."

பாத்திரச் சத்தம் நின்றதா என்று காது அந்தப் பக்கம் போனது. நிற்கவில்லை. மாஸ்டர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "இவளுக்காக நான் எவ்வளவு உருகுகிறேன் என்பதை நீர் அறிவீர்!" மறுபடியும் காது கொடுத்தார்.

அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தார். சரியாக ஒரு குரல் வெளியே போகும் அளவுக்கு, அளந்து வைத்த மாதிரி இறங்கியிருந்தது. 'கடவுளிடம் மட்டும் பேச வந்தவன், ஜன்னலுக்கு ஒரு நகல் அனுப்புகிறேனே!' மாஸ்டருக்கு அசடு வழிந்தது. தன்னை நினைத்து ஒரு சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இவ்வளவு கேவலமாகப் பிடிபட்ட பிறகும் வண்டிக்குள் அவரைத் திட்ட யாரும் இல்லை.

கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினார். பழைய வண்டி, பாதியில் நின்றுகொண்டது. உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மேலே வரைக்கும் ஏற்றினார். தெருச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் அடங்கியது. இப்போது கேட்க யாருமில்லை. கேட்க யாருமில்லை என்றதும் சொல்லவும் ஒன்றுமில்லை. அன்பின் பரம பிதாவே என்று வாய் எடுத்தது, அதுவும் ஒட்டவில்லை. ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, எடுத்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் பேசினார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுதினால், கதை சொல்கிறவரும் கண்ணாடியை இறக்கினவர் ஆகிவிடுவார். மேடைத் தமிழில் பேசவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரமே போய்ப் போதகரைப் பார்த்தார்.

"ஐயா, இன்னைக்கு நான் பேசல. ஏன் வளர்க்கணும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பத்தான் லேசாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு."

"அதையே பேசலாமே மாஸ்டர். நல்லாத்தானே இருக்கும்?"

"வேண்டாம் ஐயா. மைக்கக் கையில குடுத்தா மறுபடியும் அவளத் திட்ட ஆரம்பிச்சுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

போதகர் சிரித்துவிட்டார். அந்தப் பத்து நிமிஷம் பாடகர் குழுவுக்குப் போனது. அவர்கள் ஒரு பாட்டை ஒரு சரணமும் விடாமல் பாடினார்கள். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் முன்னால் வரிசையாக நிற்க, பெரியவள் அப்பாவுக்குப் பக்கத்தில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் எதிர்பார்த்தவர்கள் எதிர்பார்த்தபடி திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு முகம் எரிந்தது. ஒருத்தி குனிந்து, "ஏன், உடம்பு சரியில்லையா பிள்ளைக்கு?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. புதுச் சட்டை தையல்காரரிடமே கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பெரியவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முறை. வெளியூர் போவதற்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவளே பார்த்து, அவளே நிறுத்தினாள். மாஸ்டர் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரிய பாடாக இருந்தது.

"அப்பா, அன்னைக்குச் சனிக்கிழமை வண்டிக்குள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன். வாய் மட்டும் அசைஞ்சது. ஒண்ணும் கேக்கல. யார்கிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

மாஸ்டர் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா சொன்னீங்க?"

சொல்லிவிட வேண்டும் என்று உயிர் துடித்தது. ஒரு வரியாவது, அவள் பேர் வருகிற இடத்தையாவது. வாயை மூடிக்கொண்டார். அப்புறம், "அது உங்கிட்டச் சொன்னதில்லம்மா" என்றார்.

பெரியவள் ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் திருப்பி, அப்பாவை நன்றாகப் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். போ என்று மாஸ்டர் சொல்லவில்லை. அவளே கியரைப் போட்டுக் கிளம்பினாள்.

"அவர் என்ன சொன்னார்னாவது சொல்லுங்க" என்றாள்.

மாஸ்டர் யோசித்தார். "இன்னும் ஒண்ணும் சொல்லல. நான் பேசி முடிச்சாத்தானே அவர் வாயத் திறக்க முடியும்? இத்தனை வருஷத்து பாக்கி இருக்குல்ல."

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கியர் மாற்றிக்கொண்டிருந்தவள் சிரித்ததில் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ரோட்டோரத்தில் அணைந்து நின்றது. பிரேக் யாரும் போடவில்லை. மாஸ்டர் குனிந்து, தன் கால் மடக்கிய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார்.

அவள் உடனே சாவியைத் திருப்பவில்லை. கையை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்குப் போனதும் நானும் கொஞ்ச நேரம் இந்த வண்டியில தனியா உக்காந்து பாக்கட்டுமா? அம்மா, நீங்க, யாரும் வரக் கூடாது."

மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடி திறந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தார்.

"சரிம்மா" என்றார். "கண்ணாடிய நல்லா மேல வரைக்கும் ஏத்திக்கோ. பாதியில நிக்கும், தள்ளணும்."